அணியை வளர்ப்பது வேற்றுமையே!

(தலைப்பு: கதைகளில் வரும் ஒரு கூட்டத்தை வளர்த்து நிலைநிறுத்துவது பாத்திரங்களின் ஒற்றுமையா? வேற்றுமையா? 'வேற்றுமையே' என்னும் அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! என் அணி நண்பர்களே! ஒற்றுமையே பெரிது என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி அன்பர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடவும் மறந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நல்லவர்களே!

எதிரணித் தலைவி அம்மையார் ரொம்ப அழகாகப் பேசினார்கள். "கதையிலே நாலு பேர் ஒண்ணா நின்னாத்தான் அது அணி. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா அது சந்தை" என்றார்கள். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லாப் பேசினா தட்டணும் இல்லையா? ஆனா தட்டிக்கிட்டே ஒன்று யோசித்தேன். இவங்க மூணு பேரும் இன்றைக்கு என்னோடு ஒரே வேனில்தான் வந்தாங்க. ஏ.சி. போடணும்னு ஒருத்தர். போட்டா தொண்டை கட்டிக்கும்னு ஒருத்தர். ஜன்னல் ஓரத்து சீட்டு எனக்குன்னு அம்மையார்! (சிரிப்பு) இத்தனை சண்டையும் போட்டுட்டு மேடையில் ஏறியதும் என்ன பேச்சுப் பேசறாங்க பாருங்க! ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். வேனில் சண்டை போட்டதனாலேதான் ஐயா, யாருக்கு எது வரும், எது வராது என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருக்கிறது. என் கட்சிக்கு முதல் சாட்சி எதிரணியேதான்! (கைதட்டல்)

நான் தமிழாசிரியன். 'வேற்றுமை' என்றாலே எல்லோரும் பயப்படுகிறார்கள். இலக்கணத்திலே போய்க் கேளுங்கள். தமிழிலே வேற்றுமை எட்டு. எதற்கு இருக்கிறது அது? பிரிப்பதற்கா? 'இராவணன் இராமன் கொன்றான்.' யார் யாரைக் கொன்றது? தெரியாது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஒற்றுமையாக நிற்கிறார்கள், பொருள் மட்டும் வரவில்லை. 'ஐ' என்று ஒரு வேற்றுமை உருபு வரட்டும். 'இராவணனை இராமன் கொன்றான்.' இராமாயணமே தெளிவாகிவிட்டது! (கைதட்டல்) பெயருக்கும் வினைக்கும் என்ன உறவு என்று சொல்வதற்குத்தான் வேற்றுமை. வாக்கியத்துக்கே அது வேண்டும் என்றால், வாழ்க்கைக்கும் கதைக்கும் வேண்டாமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வேற்றுமை என்று நான் சொல்வது பகையை அல்ல. பகை என்பது, நீ இருக்கக் கூடாது என்பது. வேற்றுமை என்பது, நீ வேறு, நான் வேறு, இரண்டு பேரும் இருப்போம் என்பது. இந்த இரண்டையும் குழப்பியதுதான் எதிரணியின் மொத்தப் பேச்சும்.

கல்லூரியிலே பிள்ளைகள் கதை எழுதி எடுத்துக்கொண்டு வருவார்கள். "ஐயா, ஐந்து நண்பர்கள் கதை" என்பார்கள். படித்துப் பார்த்தால் ஐந்து பேருமே நல்லவர்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள், ஒரே நேரத்தில் சிரிப்பார்கள், ஒரே நேரத்தில் அழுவார்கள். நான் என்ன செய்வேன் தெரியுமா? பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு, "தம்பி, இந்த வசனம் யார் பேசினது?" என்று கேட்பேன். எழுதினவனுக்கே தெரியாது! (சிரிப்பு) "அப்பா, நீ ஐந்து பேரைப் படைக்கவில்லை. ஒரே ஆளுக்கு ஐந்து சட்டை தைத்திருக்கிறாய்" என்பேன். பெயரை மறைத்தாலும் பேசுகிறவன் யார் என்று தெரிய வேண்டும். அங்கேதான் அணி பிறக்கிறது.

கல்கி 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதினாரே 'பொன்னியின் செல்வன்', அதை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் முதல் தடவை எங்கே சந்திக்கிறார்கள்? வீரநாராயணபுரத்து விண்ணகரக் கோயில் அருகிலே. எப்படி? ஆழ்வார்க்கடியான் யாரோடோ வாதம் செய்து தடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். இந்தப் பிள்ளை குதிரையிலே வந்து வேடிக்கை பார்க்கிறான். அன்றைக்கே கட்டிப்பிடித்து, "நாம் இனிமேல் ஓர் அணி" என்று சொல்லியிருந்தால் ஐந்து பாகம் எழுத முடியுமா? கல்கி அவசரப்படவில்லை. ஒருவன் ஆதித்த கரிகாலனின் ஓலையைச் சுமக்கிறான். மற்றவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். அவன் எங்கே போகிறான் என்று இவன் பார்ப்பான். இவன் என்ன மறைக்கிறான் என்று அவன் பார்ப்பான். அந்தச் சந்தேகத்தின் வழியாகவேதான் நம்பிக்கை வருகிறது. ஒருவன் வாய் துடுக்கு, மற்றவன் வாய் தந்திரம். இரண்டு வாயும் ஒரே வாயாக இருந்திருந்தால், இத்தனை ஆண்டு கழித்தும் நம் வீட்டுப் பெண்கள் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்களா? (கைதட்டல்)

சரி, எதிரணித் தம்பி ஒருவர், "நாதஸ்வர கோஷ்டியைப் பாருங்கள், என்ன ஒற்றுமை!" என்றார். தம்பி, நல்ல இடத்தில் வந்து மாட்டிக்கொண்டீர்கள்! கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனிலே எழுதின கதை 'தில்லானா மோகனாம்பாள்'. 1968-இல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோஷ்டியிலே யார் யார்? சண்முகசுந்தரம் பெரிய கலைஞன். ஆனால் முன்கோபம் மூக்கிலே நிற்கும். பக்கத்தில் தவில்காரர் முத்துராக்கு. பாலையா எப்படி நடித்திருப்பார்! அவருக்குக் கோபம் வராது, குறும்பு வரும். தலைவன் முறைக்கிற இடத்தில் இவர் சிரிப்பார். தலைவன் கிளம்பு என்று சொல்கிற இடத்தில் இவர் கொஞ்சம் உட்காருவார். முத்துராக்கும் முன்கோபியாக இருந்திருந்தால் அந்தக் கோஷ்டி அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்காது. போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்கும்! (சிரிப்பு)

கச்சேரியையே பாருங்களேன். நாதஸ்வரம் ஊதுவது, தவில் அடிப்பது. ஒன்றுக்கு மூச்சு, ஒன்றுக்குக் கை. இரண்டும் ஒரே ஓசை எழுப்பினால் யாராவது மேடை போடுவார்களா? சுருதி ஒன்று, தாளம் ஒன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றுக்குள்ளே இரண்டு பேர் இரண்டு விதமாகப் போய், சமத்துக்கு வந்து சேருகிறார்களே, அப்போதுதானே நாம் தலையை ஆட்டுகிறோம்? கடைசி வரை பிரியாமலே போனால் எதற்குத் தலையாட்டுவது?

இனி, தமிழ் மேடை என்றால் கம்பனிடம் போகாமல் இறங்க முடியுமா? இராமனுடைய அணியைப் போல ஓர் அணி எந்தக் கதையிலாவது உண்டா? நாட்டை விட்டுப் புறப்படும்போது உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். குகனோடு ஐந்து. சுக்கிரீவனோடு ஆறு. வீடணனோடு ஏழு. எதிரணி அம்மையார் இந்தக் கணக்கைச் சொல்லி, "பார்த்தீர்களா ஒற்றுமையை!" என்றார்கள். அம்மா, கூட்டுத்தொகையை மட்டும் சொன்னீர்கள். ஒவ்வொரு எண்ணும் எப்படிக் கூடியது என்று சொல்லவில்லையே!

ஐந்தாவது ஆள் வந்த இரவை நம் வைணவ உரைகாரர்கள் எவ்வளவு நயமாகச் சொல்வார்கள்! இராமனும் சீதையும் தூங்குகிறார்கள். இலக்குவன் காவல். 'இந்த வேடன் யாரோ, என்ன நினைக்கிறானோ' என்று இலக்குவன் குகனைக் கவனிக்கிறான். 'ஒரு தம்பி நாட்டைப் பறித்தான், இந்தத் தம்பி என்ன செய்வானோ' என்று குகன் இலக்குவனைக் கவனிக்கிறான். இந்த இரண்டு பேரையும் குகனுடைய ஆட்கள் கவனிக்கிறார்கள்! (சிரிப்பு) எல்லோருக்கும் இராமன் மேலே அன்பு. அந்த அன்பினாலேயே ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். அணியின் முதல் இரவு இப்படித்தான் இருக்கும். ஒரு வீட்டுக்குப் புது மருமகள் வந்த முதல் இரவும் இப்படித்தானே? மாமியார் மருமகளைப் பார்ப்பார், மருமகள் மாமியாரைப் பார்ப்பார், நாத்தனார் இரண்டு பேரையும் பார்ப்பார்! (பலத்த சிரிப்பு)

ஆறாவது ஆள் சுக்கிரீவன். கார்காலம் முடிந்ததும் படையோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். கார்காலம் முடிந்தது, வாக்கையும் மறந்தான். கள் மயக்கம். இலக்குவன் கோபத்தோடு கிட்கிந்தைக்கு வருகிறான். வானரங்கள் வாசலைக் கல்லால் அடைக்கின்றன. அணி அன்றைக்கே உடைந்திருக்கும். உடையவில்லை. ஏன்? எல்லோரும் ஒரே மாதிரி கோபக்காரர்களாக இல்லை. ஒரே மாதிரி குடிகாரர்களாகவும் இல்லை. வாலியை இழந்த தாரை, விதவைக் கோலத்திலே வந்து வழியில் நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் இலக்குவனுக்கு அயோத்தியில் இருக்கிற தன் தாய்மார் நினைவு வந்துவிடுகிறது என்கிறான் கம்பன். வில் தணிகிறது. அனுமன் பக்குவமாகப் பேசுகிறான். மயங்கிக் கிடக்கிற சிற்றப்பனை அங்கதன் போய் எழுப்புகிறான். ஒருவன் தவறினான், ஒருவன் சீறினான், ஒருத்தி தடுத்தாள், ஒருவன் சமாதானம் சொன்னான், ஒருவன் எழுப்பினான். ஐந்து வேறு வேறு குணம். அதனாலே ஒரு விபத்து தப்பியது. அதன் பிறகு சுக்கிரீவன் ஒருநாளும் வாக்குத் தவறவில்லை. அணி வளருவது என்றால் இதுதான். தவறே நடக்காமல் இருப்பதல்ல. தவறு நடந்த பிறகும் ஒருவரை ஒருவர் விடாமல் இருப்பது.

அடுத்து, மயேந்திர மலை. தெற்கே சீதையைத் தேடப் போன கூட்டத்துக்கு ஒரு மாதம் கெடு. கெடு தாண்டிவிட்டது. கடல் குறுக்கே கிடக்கிறது. அங்கதன், "இனிமேல் உயிரை விடுவதுதான் வழி" என்கிறான். இந்த இடத்தில் எதிரணி சொல்கிற ஒற்றுமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "தலைவர் சொல்லிவிட்டார், எல்லோரும் சாவோம்" என்று வரிசையாகப் படுத்திருப்பார்கள். கதை அங்கேயே முற்றும்! (சிரிப்பு) மறுப்பு வருகிறது. வாதம் நடக்கிறது. அந்தப் பேச்சினிடையே சடாயுவின் பெயர் வருகிறது. அது யார் காதில் விழுகிறது? சிறகு இழந்து கிடந்த சடாயுவின் அண்ணன் சம்பாதியின் காதில். அவன் வந்துதான் சீதை இலங்கையில் இருக்கிறாள் என்று சொல்கிறான். யோசித்துப் பாருங்கள். அத்தனை பேரும் ஒற்றுமையாக வாயை மூடிக்கொண்டு உயிரை விட்டிருந்தால், சம்பாதி காதில் என்ன விழுந்திருக்கும்? அவர்கள் வாதம் செய்ததனாலே ஐயா, வழி கிடைத்தது! (நீண்ட கைதட்டல்)

வழி கிடைத்தது, யார் தாண்டுவது? அங்கதன் உண்மையைச் சொல்கிறான்: "நான் போய்விடுவேன், திரும்பி வர வலிமை இருக்காது." இளவரசன் சபையிலே தன் எல்லையைச் சொல்கிறான். அதுவே பெரிய வீரம். சாம்பவனுக்கு வயதாகிவிட்டது. தாண்டக்கூடிய அனுமனோ தன் பலம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். கிழவனுக்குப் பலம் இல்லை, நினைவு இருக்கிறது. இளைஞனுக்குப் பலம் இருக்கிறது, நினைவு இல்லை. கிழவன் எடுத்துச் சொன்னான், இளைஞன் எழுந்து நின்றான். இரண்டு பேரும் கிழவராக இருந்தால் திண்ணைப் பேச்சு. இரண்டு பேரும் இளைஞராக இருந்தால் கடலோரம் கபடி! (சிரிப்பு)

பின்னாலே போர்க்களத்தில் எல்லோரும் வீழ்ந்து கிடக்கிற ஓர் இரவு. வால்மீகியிலே ஒரு காட்சி. காயம்பட்ட சாம்பவான் கண்ணும் தெரியாமல், குரலை வைத்தே வீடணனை அடையாளம் கண்டு கேட்கிற முதல் கேள்வி, "அனுமன் உயிரோடு இருக்கிறானா?" வீடணனுக்கு ஆச்சரியம். "இராமனைக் கேட்கவில்லை, இலக்குவனைக் கேட்கவில்லை, உங்கள் அரசனைக்கூடக் கேட்கவில்லையே" என்கிறான். சாம்பவான் சொல்கிறான், "அவன் ஒருவன் இருந்தால் இறந்த படையும் இருப்பதாகத்தான் கணக்கு." இந்த விடையைச் சொல்ல ஒருவனுக்கு இன்னொருவனின் தனித்தன்மை தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒன்று என்று நினைக்கிறவனுக்கு யாரைத் தேடுவது என்று தெரியாது.

எதிரணியிலே அணிலைச் சொன்னார்கள். அணிலுக்கு மூன்று கோடு போட்டது வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் அணிலைப் பாடினார், மக்கள் கதையாக வளர்த்தார்கள். மக்களுக்கு ஏன் அந்த ஆசை? மலையைப் பெயர்க்கிறவன் இருக்கிற அணியில் மண்ணை உதறுகிறவனுக்கும் இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். அணிலும் மலையைத் தூக்கினது என்று அவர்கள் சொல்லவில்லை. அணில் அணிலாகவே இருந்தது. அதுவும் என் கட்சிதான் அம்மா! (கைதட்டல்)

இப்போது ஏழாவது ஆளுக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வீடணன் அடைக்கலம் என்று வந்து நிற்கிறான். பகைவனின் தம்பி. போர் தொடங்கப் போகிற நேரம். இராமன் தானே முடிவு செய்திருக்கலாம். அவன் என்ன செய்கிறான்? சுற்றியிருப்பவர்களைப் பார்த்து, "உங்கள் கருத்தென்ன?" என்று கேட்கிறான். சுக்கிரீவன், "கூடாது, அண்ணனை விட்டு வந்தவனை எப்படி நம்புவது?" என்கிறான். யார் சொல்வது? சுக்கிரீவன்! (சிரிப்பு) சாம்பவன் கூடாது என்கிறான். சேனாபதி நீலனும் கூடாது என்கிறான். மற்றவர்களுக்கும் அதே கருத்து. பார்த்தீர்களா, சபையே ஒற்றுமையாகிவிட்டது! எதிரணிக்குப் பிடித்த காட்சி! அங்கேயே முடித்திருந்தால் வீடணன் வாசலோடு போயிருப்பான். இந்திரசித்தனின் வேள்வி எங்கே நடக்கிறது என்று சொல்ல ஆள் இருந்திருக்காது.

ஆனால் இராமன், பேசாமல் இருந்த ஒருவனைத் திரும்பிப் பார்க்கிறான். "மாருதி, நீ என்ன நினைக்கிறாய்?" அனுமன் பணிவாக, இத்தனை பெரியவர்களுக்கும் எதிராகப் பேசுகிறான். "நான் இலங்கையில் பார்த்தேன். தூதனைக் கொல்லக் கூடாது என்று தடுத்தவன் இவன். இவன் வீட்டில் நான் கண்டது வேறு. ஏற்றுக்கொள்ளலாம்" என்கிறான். ஒற்றை ஆள். ஒரே ஒரு மறுப்பு. இராமன் அந்த ஒருவன் பக்கம் நிற்கிறான்.

அதற்குப் பிறகு இராமன் செய்ததுதான் அழகு. வீடணனை அழைத்து வர யாரை அனுப்பினான்? ஆதரித்துப் பேசிய அனுமனையா? இல்லை. முதலில் எதிர்த்த சுக்கிரீவனை! "நீயே போய் அழைத்து வா" என்கிறான். அவன் போகிறான், தழுவிக்கொள்கிறான். வெளுத்தவன் ஒருவன், கறுத்தவன் ஒருவன். பகலும் இரவும் தழுவிக்கொண்ட மாதிரி இருந்ததாம். தோற்றவனை மூலையில் உட்கார வைக்காமல், அவன் கையாலேயே கதவைத் திறக்க வைத்தான். வாதத்தில் வென்றவன், தோற்றவன் என்ற கணக்கே அங்கே அழிந்துபோனது. ஓர் அணியை வளர்க்க விரும்புகிறவர்கள், எழுத்தாளராக இருந்தாலும் சரி, குடும்பத் தலைவராக இருந்தாலும் சரி, இந்த ஒரு படலத்தைப் படித்தால் போதும். (கைதட்டல்)

நடுவர் ஐயா, இதை ஊர் ஊராகப் பேசினவன் நான். ஆனால் என் சொந்த வீட்டிலே நான் என்ன செய்தேன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா காலமான பிறகு, வீட்டை விற்பதா வேண்டாமா என்று கூடத்தில் உட்கார்ந்தோம். அண்ணன், நான், தம்பி, கடைசியில் தங்கச்சி. அண்ணன் சொன்னார், "வித்துடுவோம். ஆளுக்கு ஒரு பங்கு. அம்மா மூணு மாசம் ஒருத்தர் வீட்டில் இருக்கட்டும்." நான் சரி என்றேன். தம்பி சரி என்றான். தங்கச்சி வாயைத் திறந்தாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள். நான்தான் சொன்னேன், "பெரியவங்க பேசறப்போ நீ சும்மா இரும்மா." ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஊரே பாராட்டியது. "என்ன ஒற்றுமை! அண்ணன் சொல்லை ஒருத்தரும் தட்டலையே!" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அம்மா ஒரு தகரப் பெட்டியோடு நாலு வீட்டுக்கும் மாறி மாறிப் போனாங்க. என் வீட்டுக்கு வந்தா ராத்திரியிலே எழுந்து சுவரைத் தடவுவாங்க. என்னம்மா தேடறேன்னு கேட்டா, "கொல்லைப்புறக் கதவு எங்கேடா?" என்பாங்க. அந்தக் கதவு விற்றுப்போன வீட்டில் இருந்தது.

அம்மா போன பிறகு ஒருநாள் தங்கச்சியிடம் கேட்டேன். "அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தே?" "பெரிசா ஒண்ணும் இல்லண்ணே. அம்மா இருக்கிற வரைக்கும் வீடு இருக்கட்டும்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான், ஐயா. ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கேட்க எங்கள் கூடத்தில் ஓர் ஆள் இல்லை. மேடையில் எத்தனையோ தடவை, "மாருதி, நீ என்ன நினைக்கிறாய்?" என்று இராமன் குரலில் கேட்டவன் நான். என் தங்கச்சியை ஒரு தடவை கேட்கவில்லை. (அரங்கில் அமைதி)

அதனாலேதான் சொல்கிறேன். ஒற்றுமை என்ற பெயரில் நாம் பல நேரம் வைத்திருப்பது அமைதி அல்ல. யாரோ ஒருவரின் வாயை மூடின கை அது. இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னன், கெடுக்கிறவர் இல்லாமலே கெடுவான் என்றார் வள்ளுவர். மன்னனுக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும்.

(மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டார்கள். முடித்துவிடுகிறேன்.

கம்பன் கடைசியில் ஒரு படம் காட்டுகிறான். முடிசூட்டு விழா. அரியணையைத் தாங்குகிறான் அனுமன். வெண்குடை பிடிக்கிறான் பரதன். தம்பியர் இருவர் சாமரை வீசுகிறார்கள். உடைவாளை ஏந்தி நிற்பவன் யார்? அங்கதன். யார் இந்த அங்கதன்? இராமனுடைய அம்பினாலே தகப்பனை இழந்த பிள்ளை! அவன் கையில் வாள், பக்கத்தில் இராமன். உலகத்திலே எந்த அரசனாவது இப்படி ஓர் ஆளிடம் வாளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காருவானா?

இந்த நம்பிக்கை அங்கதன் இராமனைப் போல ஆகிவிட்டதனால் வந்ததல்ல. அவன் வாலியின் மகனாகவே இருந்தான். அவன் இழப்பு அவனுடையதாகவே இருந்தது. அதோடுதான் அவனை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவன் தாங்குகிறான், ஒருவன் பிடிக்கிறான், ஒருவன் வீசுகிறான், ஒருவன் ஏந்துகிறான். நாலு பேரும் குடையே பிடித்திருந்தால் அரியணை என்ன ஆகியிருக்கும்? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, கடைசியில் தெரிகிற அந்த ஒற்றுமை அழகுதான். மறுக்கவில்லை. அது பழம். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மரமாக வளர்ந்தது, வெயில் தாங்கியது, பூத்தது, காய்த்தது எல்லாம் வேற்றுமை.

இன்றைக்கு இந்த நிகழ்ச்சி முடிந்ததும், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலே பேசாமல் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று திரும்பிப் பாருங்கள். "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை. அன்றைக்குத்தான் உங்கள் குடும்பம் ஓர் அணியாக ஆகத் தொடங்கும்.

எனவே நடுவர் ஐயா அவர்களே, கதைகளில் வரும் கூட்டத்தை வளர்த்து நிலைநிறுத்துவது பாத்திரங்களின் வேற்றுமையே, வேற்றுமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)